பக்பீடியா: ஹொக்கி ரசிகனைக் கணக்குப்பிள்ளையாக்கிய தளம்

எனக்கு ஐஸ் ஹொக்கி பார்க்கச் சொல்லித் தந்தவன் அக்காவின் மகன். டொரொண்டோவில், ஸ்காபரோவிலேயே பிறந்தவன், நான் பேசுகிற தமிழ் எல்லாம் விளங்கும், பதில்தான் பாதி ஆங்கிலத்தில் வரும். அவன் சொல்லித் தந்த வரிசை கொஞ்சம் தலைகீழ். ஓஃப்சைட் என்றால் என்ன, ஐசிங் என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்னரே ஜோன் டவாரெஸுக்கு வருடம் 11 மில்லியன் டொலர் என்பது எனக்குத் தெரியும். 2018 ஜூலை 1, கனடா தினம். பூங்காவில் கோழி வாட்டிக்கொண்டிருந்தோம். மருமகன் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்து, "மாமா, டவாரெஸ் எங்களிட்ட வாறார்!" என்றான். போனில் ஒரு பழைய படம், எங்கள் டொரொண்டோ அணியான மேப்பிள் லீஃப்ஸின் சின்னம் போட்ட போர்வைக்குள் ஒரு சின்னப் பெடியன் நித்திரை. அந்தப் பெடியன்தான் டவாரெஸ். 7 வருடம், 77 மில்லியன். கோழி ஒரு பக்கம் கருகிப் போனது. "இவ்வளவு காசை எங்கையிருந்தடா குடுக்கிறாங்கள்?" என்று நான் கேட்க, அவன் ஒரு தளத்தைத் திறந்து என் கையில் தந்தான். அன்று பிடித்த வியாதி.

அன்று அவன் திறந்தது கேப்ஃபிரெண்ட்லி. அது இப்போது இல்லை. இன்று நாங்கள் திறப்பது பக்பீடியா, என்.எச்.எல். என்கிற வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் வீரர்களுடைய சம்பளமும் ஒப்பந்தமும் போடுகிற இணையத்தளம். இந்த விமர்சனம் பக்பீடியாவைப் பற்றியதுதான், ஆனால் அதன் வம்சத்தைச் சொல்லாமல் அதைப் பற்றிச் சொல்ல ஏலாது. முதலில் இருந்தது கேப்கீக். ஹலிஃபக்ஸைச் சேர்ந்த மத்யூ வூஸ்ட் 2009இல் தொடங்கியது. எந்த வீரருக்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, எல்லாம் ஒரே இடத்தில். அவருக்கு உடம்பு முடியாமல் போக, 2015 ஜனவரியில் தளத்தை மூடினார், மார்ச்சில் இறந்துபோனார். பிறகு ஜெனரல் ஃபேனஜர் என்று ஒன்று. அதை நடத்தியவரை 2016இல் வேகாஸ் அணி வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நாங்கள் எல்லாரும் கேப்ஃபிரெண்ட்லியில் குடியேறினோம். 2024இல் வாஷிங்டன் கப்பிட்டல்ஸ் அணி அந்தத் தளத்தையே விலைக்கு வாங்கி, ஜூலை 10ஆம் திகதி எங்கள் முகத்தில் கதவைச் சாத்தியது. தெருமுனையில் நல்லாய்க் கொத்து அடிக்கிற ஒருவரைப் பெரிய இடத்துக்காரர் தங்கள் வீட்டுச் சமையலுக்கென்றே கூட்டிக்கொண்டு போனால், தட்டோடு வரிசையில் நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஆனால் ஒன்று விளங்கியது. நாங்கள் சும்மா பொழுதுபோக்குக்குப் பார்க்கிற இந்தக் கணக்கை அணிக்காரரும் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்கு மதிக்கிறார்கள்.

பக்பீடியாவுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஓர் அணியின் பக்கத்தைத் திறந்தால் வீரர்களின் பெயர்கள் கீழ்நோக்கி, வருடங்கள் குறுக்காக, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தொகை. ஒரு வீரரின் பெயரைத் தொட்டால் அவருடைய ஒப்பந்தம் பிரிந்து விரியும்: அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, போனஸ் இவ்வளவு, எந்த வருடத்தில் எவ்வளவு, இவரை இவருடைய சம்மதமில்லாமல் வேறு அணிக்கு அனுப்பலாமா கூடாதா. யாரை எந்த முகவர் பார்க்கிறார் என்பது வரைக்கும் இருக்கிறது. என் சொந்தத் தம்பி என்ன சம்பளம் எடுக்கிறான் என்று எனக்குத் தெரியாது, டொரொண்டோவின் நாலாவது வரிசை விங்கரின் போனஸ் தெரியும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூட வேலை செய்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார், கிரிக்கெட் ஆள். நான் இடைவேளையில் இந்தத் தளத்தைப் பார்த்துத் தலையில் கை வைப்பதைக் கண்டு, "தம்பி, குடுக்கிறவன் குடுக்கிறான், வாங்கிறவன் வாங்கிறான், உமக்கென்ன வயிறு எரியுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் சொன்ன பதில்தான் இந்தத் தளத்தின் அடிப்படையும். என்.எச்.எல். ஹொக்கியில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. எல்லாரும் கேப் என்று சொல்வது அதைத்தான். 2004-05 பருவம் முழுவதும் முதலாளிமார் கதவடைப்புச் செய்து, ஒரு ஆட்டமும் நடக்காமல் போன பிறகு, 2005-06இல் 39 மில்லியன் என்று தொடங்கியது, 2025-26இல் 95.5 மில்லியன். எவ்வளவு பணக்கார அணியென்றாலும் அதற்கு மேல் போக முடியாது. ஆகவே ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் அது முதலாளியின் சட்டைப்பையிலிருந்து போவதில்லை, பக்கத்தில் நின்று விளையாடப் போகிறவனின் சம்பளத்திலிருந்து போகிறது. ஒரு கறிச்சட்டிக்குப் பத்துப் பேர். ஒருவர் மூன்று துண்டு இறைச்சி எடுத்தால் கடைசியில் வருகிறவனுக்குக் குழம்புதான். அண்ணை யோசித்துவிட்டு, "அப்ப உது வயிறெரிச்சல் இல்லை, பங்குப் பிரச்சினை" என்றார். இரண்டும்தான்.

அந்தக் கடைசி ஆள் யார் என்று கேட்டால் டொரொண்டோவில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: சாக் ஹைமன். இந்த ஊர்ப் பெடியன், மூலைகளில் இடிபட்டுப் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கிற ரப்பர் தட்டை) எடுத்துக் கொடுக்கிற ஆள். 2021இல் எட்மன்டன் அவருக்கு 7 வருடம், வருடம் 5.5 மில்லியன் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. அப்போது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? முழங்கால் பழுதான மனிதனுக்கு 7 வருடமா, எட்மன்டன்காரருக்கு விசர் என்றோம். நானும்தான் சொன்னேன். 2023-24இல் அவர் 54 கோல் அடித்தார்.

தளத்தில் முதலில் கண்ணில் படுவது வருடச் சராசரி. சண்டை எல்லாம் அதை வைத்துத்தான். மொத்தத் தொகையை வருடங்களால் பிரித்து வருகிற அந்த எண்தான் கேப்பில் ஏறும். ஒப்பந்தம் வெளியான முதல் பத்து நிமிடத்தில் எல்லாரும் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கத்துவார்கள், 11.5 கூட, 10.9 கூட, 9 என்றால் சரி. நானும் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் கத்தினேன். பிறகு ஒருநாள் மருமகன் பக்கத்தில் இருக்கிற இன்னொரு எண்ணைக் காட்டினான், சதவீதம். அந்தத் தொகை மொத்த கேப்பில் எத்தனை சதவீதம் என்பது. இந்தத் தளத்துக்கு நான் கொடுக்கப்போகிற மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் அந்த ஒரு எண்ணுக்குத்தான்.

பிட்ஸ்பேர்க் அணியின் சிட்னி குரொஸ்பியை எடுங்கள். அந்த மனிதர் பிறந்தது 1987 எட்டாம் மாதம் ஏழாம் திகதி, சட்டை எண் 87. சம்பளமும் 8.7 மில்லியன். எங்கள் ஆட்கள் நாள் நட்சத்திரம் பார்ப்பது பரவாயில்லை. 2008-09இல் அந்த 8.7 தொடங்கியபோது கேப் 56.7 மில்லியன், ஆக 15.3 சதவீதம். 2013-14இல் 12 வருட ஒப்பந்தம் ஆரம்பித்தது, அதுவும் 8.7, கேப் 64.3 ஆகிவிட்டதால் 13.5 சதவீதம். 2024இல் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார், மறுபடியும் அதே 8.7. 2025-26இல் அது 9.1 சதவீதம். எண் மாறவே இல்லை, பிட்ஸ்பேர்க் கொடுக்கிற விலை இவ்வளவு இறங்கியிருக்கிறது. தொகையை மட்டும் பார்க்கிறவனுக்கு இது மூன்றும் ஒரே ஒப்பந்தம்.

இதையே திருப்பிப் போட்டால் கிரில் கப்ரிசோவ். 2025 செப்டெம்பர் கடைசியில் மினசோட்டா அவருக்கு 8 வருடம், 136 மில்லியன் கொடுத்தது. வருடம் 17 மில்லியன். அதுவரைக்கும் என்.எச்.எல். வரலாற்றில் இதைவிடப் பெரிய ஒப்பந்தம் இருந்ததில்லை. அன்று இரவு என் போன் சூடேறிப் போனது, குழுவில் இருந்தவன் எல்லாம் 'பைத்தியம்' என்று ஒரே சொல்லைத்தான் அனுப்பினான். அது தொடங்குகிற 2026-27க்கு 104 மில்லியன் கேப் என்று லீக் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது, ஆகவே 16.3 சதவீதம். எட்மன்டனின் கொனர் மக்டேவிட்டுடைய 12.5 மில்லியன் 2018-19இல் தொடங்கியபோது கேப் 79.5, அது 15.7. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரைச் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கப்ரிசோவ் மக்டேவிட்டைவிட நல்ல ஆட்டக்காரர் என்று மினசோட்டாவிலேயே ஒருவரும் சொல்லமாட்டார், அந்த வாதம் வேறு. ஆனால் '17' என்ற எண்ணைக் கண்டு மயங்கி விழத் தேவையில்லை என்பதை இந்த ஒரு கட்டம் சொல்லிவிடுகிறது.

அதே மக்டேவிட் 2025 ஒக்டோபரில் செய்ததைப் பார்த்து எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இரண்டே வருடம், அதே 12.5 மில்லியன். 104இல் அது 12 சதவீதம். தியாகி என்றார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். குறைந்த காசு உண்மை, அதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் இரண்டு வருடம் என்பது, ஸ்டான்லி கப் என்கிற லீக் கிண்ணத்தைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் நான் புறப்படுகிறேன் என்று எட்மன்டனுக்கு அனுப்பிய நோட்டீஸும்தான். வீட்டுக்காரருக்கு வாடகையைக் கூட்டாமல், ஒப்பந்தத்தை மட்டும் மாதக் கணக்கில் வைத்திருக்கிற கெட்டிக்காரத்தனம். வருட எண்ணிக்கை என்ற கட்டத்தை ரசிகர்கள் எப்போதும் இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் சதவீதத்துக்கு அடுத்துப் பார்க்கவேண்டியது அது. தொகை மூன்றாவது.

சரி, இனி எங்கள் வீட்டு விசயத்துக்கு வருகிறேன், டொரொண்டோ. 2019-20இல் நாலு பேர்: டவாரெஸ் 11, ஓஸ்டன் மத்யூஸ் 11.634 (சட்டை எண் 34, இதிலும் அந்த எண் விளையாட்டு), மிட்ச் மார்னர் 10.893, வில்லியம் நீலாண்டர் கிட்டத்தட்ட 7. கூட்டினால் 40 மில்லியனுக்கு மேல், கேப் 81.5. இருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் இருக்கிற அணியில் நாலு பேர் பாதியை எடுத்தார்கள். கோலி (கோல் காப்பாளர்), பாதுகாப்பு ஆட்டக்காரர், எல்லாரும் மிச்சப் பாதிக்குள். பக்பீடியா மாதிரியான தளத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மேலே நாலு பெரிய எண், கீழே வரிசையாகச் சில்லறை. அதைப் பார்த்துப் பார்த்தே டொரொண்டோக்காரர் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தம்.

ஆனால் கையெழுத்துப் போட்ட நாளில் அது முட்டாள்தனம் இல்லை. கேப் வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் தொடக்கத்தில் அடுத்த பருவத்துக்கு 84இலிருந்து 88.2 மில்லியன் வரைக்கும் போகலாம் என்று லீக்கே சொன்னது. சில நாள்தான், கொரோனா வந்து அரங்குகள் பூட்டுப்பட்டன, கேப் 81.5இலேயே உறைந்துவிட்டது. 2021-22 வரைக்கும் அதே 81.5, அதற்குப் பிறகும் வருடம் ஒரு மில்லியன் என்று ஊர்ந்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று நம்பி 2022 தொடக்கத்தில் டொரொண்டோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் வீடு வாங்கின எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கணக்குச் சரி, நாள் பிழை. மார்னர் ஒரு கோல் அடிக்காவிட்டால் "உவருக்கு 11 மில்லியன்!" என்று கத்தினவர்களில் எத்தனை பேர் அந்த உறைவை யோசித்தார்கள்? நான் யோசிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

மார்னரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும். அவர் பிறந்தது மார்க்கத்தில். மார்க்கம் என்றால் எங்கள் ஆட்கள் அரைவாசிப் பேருக்குச் சொந்த ஊர் மாதிரி, அதனால் எங்களில் பலருக்கு அவர் 'பக்கத்து வீட்டுப் பெடியன்'. பருவ ஆட்டங்களில் புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) கொட்டும், 2024-25இல் 102. பருவம் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கிற பிளேஓஃப் என்றால் கை நடுங்கும் என்று பெயர். 2025 மே மாதம் புளோரிடாவுடன் தொடரைத் தீர்மானிக்கிற ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில் 6-1 தோல்வி. எங்கள் வீட்டில் பத்துப் பேர், அக்கா பருத்தித்துறை வடை சுட்டு வைத்திருந்தாள், மூன்றாவது கோலுக்குப் பிறகு ஒருவரும் வடையைத் தொடவில்லை. மருமகன் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனில் பக்பீடியாவைத் திறந்துவிட்டான். அதில் மார்னரின் பெயருக்கு நேரே, அவர் சம்மதமில்லாமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது என்கிற அந்த நிபந்தனை. கடைசி இரண்டு பருவத்துக்கும் அது இருந்தது. அதாவது டொரொண்டோ அவரை விற்று எதையாவது வாங்க நினைத்தாலும் அவரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். ஜூன் 30ஆம் திகதி அவர் 8 வருடம், வருடம் 12 மில்லியன் என்று கையெழுத்துப் போட்டு வேகாஸுக்குப் போனார், பதிலுக்கு எங்களுக்கு வந்தது நிக்கொலா றுவா ஒருவர். அந்த நிபந்தனை 2019இல் அச்சிட்டு எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது. நாங்கள் 10.893 என்ற எண்ணோடு ஆறு வருடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று போனஸ். இதைப் பார்க்கப் பழகினால் இந்தத் தளத்தின் பாதி விளங்கிவிடும். டவாரெஸின் முதல் வருடத்தில் அடிப்படைச் சம்பளம் 6.5 இலட்சம் டொலர்தான், 15.25 மில்லியன் போனஸ். ஏழு வருடத்தையும் கூட்டினால் 77இல் கிட்டத்தட்ட 71 மில்லியன் போனஸாகவே போனது. சீட்டில் முதல் கழிவிலேயே காசைத் தூக்கினவன் மாதிரி, ஜூலை 1ஆம் திகதி முழுக் காசும் கையில். எதற்கு இப்படி? ஓர் அணி ஒருவரை இடையில் விலக்கவேண்டுமென்றால் மிச்சமிருக்கிற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மிச்சமிருக்கிற வருடங்களைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் (26 வயதுக்குக் கீழே என்றால் மூன்றில் ஒன்று). போனஸை மட்டும் ஒரு சதமும் வெட்ட முடியாது. ஆகவே போனஸ் நிறைந்த ஒப்பந்தம் என்றால் அந்த ஆளை விலக்குவதில் மிச்சம் ஒன்றும் தேறாது. தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, பெயரைப் போட்டால் எந்த வருடம் எவ்வளவு மிஞ்சும் என்று காட்டும். கல்கரி ரசிகர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஜொனதன் ஹூபர்டோவின் பெயரைப் போடச் சொல்லாதீர்கள், பாவம். புளோரிடாவில் 2021-22இல் 115 புள்ளி எடுத்த மனிதர் அவர். கல்கரிக்கு வந்ததும் 8 வருடம் 84 மில்லியன் கொடுத்தார்கள், அந்தப் புதிய ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன்னரே, முதல் பருவத்திலேயே, புள்ளி 55க்கு விழுந்தது. 2031 வரைக்கும் இருக்கிறது.

விலக்கின கதைகளில் என் விருப்பம் ரிக் டிபியெட்ரோ. 2006இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் இந்தக் கோலிக்கு 15 வருட ஒப்பந்தம் கொடுத்தது, 67.5 மில்லியன். காயத்துக்கு மேல் காயம். 2013இல் விலக்கினார்கள். விலக்கின கணக்கில் 2029 வரைக்கும் வருடம் 1.5 மில்லியன் போய்க்கொண்டேயிருக்கும். எங்கள் குழுவில் ஒருவன் ஒவ்வொரு ஜூலையும் அவருடைய படத்தைப் போட்டு 'பென்சன் வந்துட்டுது' என்று எழுதுவான். அலுக்கவில்லை.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். தளம் பிழை செய்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது விலைச்சீட்டு மட்டும், சாமான் எப்படி என்று அது சொல்லாது, நாங்கள் அதை மறந்துவிடுகிறோம். செத் ஜோன்ஸ் என்று ஒரு பாதுகாப்பு ஆட்டக்காரர். சிக்காகோ 2021இல் 8 வருடம், வருடம் 9.5 மில்லியன் கொடுத்தது. பாழாய்ப்போன ஒப்பந்தங்களின் பட்டியல் யார் போட்டாலும் அதில் அவர் பெயர் இருக்கும். 2025 மார்ச்சில் சிக்காகோ வருடம் 2.5 மில்லியனைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவரைப் புளோரிடாவுக்கு அனுப்பியது. ஜூன் மாதம் ஸ்டான்லி கப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மூன்று மாதத்தில் அந்த மனிதர் புதிதாக ஹொக்கி பழகியிருக்க முடியாது. சிக்காகோவில் அவர்தான் எல்லாம், ஒவ்வொரு ஓட்டையையும் அவர்தான் அடைக்கவேண்டும். புளோரிடாவில் அவரைச் சுற்றி நல்ல ஆட்கள், விலையும் 7. நல்ல மிக்ஸிதான், அதில் உரல் வேலை வாங்கினால் மோட்டர் எரியத்தான் செய்யும். எண்கள் நிரம்பிய பக்கத்தில் இதை எந்தக் கட்டத்தில் காட்டுவது?

வரியும் அப்படித்தான். ஒன்ராறியோவில் மேல்மட்ட வருமானத்துக்கு வரி 53.53 சதவீதம், புளோரிடாவிலும் நெவாடாவிலும் மாநில வருமான வரியே கிடையாது. தளத்தில் 12 என்றால் எல்லா ஊருக்கும் 12. இதை வைத்து 'வரியால்தான் நாங்கள் தோற்கிறோம்' என்று ஒரு கூட்டம் கிளம்பும், அதையும் நான் முழுசாக நம்புவதில்லை. கையில் மிஞ்சுவது வித்தியாசம், சரி. ஏழாவது ஆட்டத்தில் ஆறு கோல் வாங்குவதற்கு வரித் திணைக்களம் காரணமில்லை.

பழைய கதைகளைப் பார்க்கத்தான் தளம் இன்னும் சுவை. டேவிட் கிளார்க்சன் என்று ஒருவர், டொரொண்டோவில் பிறந்தவர், 2013இல் 7 வருடம் 36.75 மில்லியனுக்கு வந்தார். ஊர் கொண்டாடியது. முதல் பருவத்தில் 60 ஆட்டம், 5 கோல். 2015 பெப்ரவரியில், முதுகு போய் இனி விளையாடவே மாட்டார் என்றிருந்த நேதன் ஹோர்ட்டனுக்கு அவரைக் கொலம்பஸுக்கு மாற்றினார்கள். விளையாடாத ஆள் என்பதுதான் அதில் இலாபம், நீண்டகாலக் காயப் பட்டியலில் போட்டால் கேப்பில் இடம் கிடைக்கும். கிளார்க்சனும் காயத்தால் விளையாட முடியாமல் போன பிறகு, அவருடைய ஒப்பந்தம் கொலம்பஸிலிருந்து வேகாஸுக்குப் போய், 2019 ஜூலையில் திரும்ப டொரொண்டோவுக்கே வந்தது, அதே காயப் பட்டியல் வித்தைக்காக! கலியாண வீட்டில் கொடுத்த சுவர் மணிக்கூடு நாலு வீடு சுற்றி எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்கே பரிசாக வந்த மாதிரி. இந்த மாதிரி ஒன்றைத் தேடி எடுத்து மருமகனிடம் காட்டும்போதுதான் நான் அவனுக்கு மாமா என்ற மரியாதை கிடைக்கிறது.

அணியை நாங்களே கட்டிப் பார்க்கிற பகுதியும் இருக்கிறது. யாரை விற்பது, யாரை வாங்குவது, கேப்புக்குள் அடங்குமா. மருமகன் மணிக்கணக்கில் அதில் கிடப்பான். அவன் கட்டுகிற அணியில் மற்ற அணிக்காரர் எல்லாரும் முட்டாள்கள், எங்கள் மூன்றாவது வரிசை ஆளை வாங்கிக்கொண்டு தங்கள் நட்சத்திரத்தைத் தருவார்கள். எனக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. கையில் போன் இருக்கிற ஒவ்வொருவனையும் முகாமையாளர் ஆக்கிவிட்டது, ஆட்டக்காரரோ வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர் மாதிரித் தெரியத் தொடங்குகிறார். மத்யூஸ் 2023-24இல் 69 கோல் அடித்தார், நான் ஒவ்வொன்றுக்கும் கதிரையிலிருந்து எழும்பினேன். அடுத்த பருவம் காயத்தோடு 33. ஒரு கோலுக்கு எத்தனை டொலர் என்று ஒருவன் பிரித்து அனுப்பினான். நானும் அதைச் சரிபார்த்தேன், அந்தப் பருவத்து 13.25 மில்லியனை 33ஆல்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலு. சதவீதத்துக்கும் போனஸ் விபரத்துக்கும் கணிப்பானுக்கும் நாலு. அந்த மிச்ச ஒன்று தளத்தின் குற்றமா எங்கள் குற்றமா என்று எனக்கே தெளிவில்லை. புதிதாக ஹொக்கிக்குள் வருகிறவர்களுக்கு என் ஆலோசனை: ஒரு பருவம் முழுக்க ஆட்டத்தை மட்டும் பாருங்கள், அப்புறம் இந்தத் தளத்தைத் திறவுங்கள். திறந்ததும் தொகையைக் கையால் மறைத்துவிட்டு முதலில் சதவீதம், பிறகு வருடம், பிறகு நிபந்தனை, பிறகு போனஸ். 2026 செப்டெம்பருக்குப் பிறகு சொந்த அணிகூட 7 வருடத்துக்கு மேல் கொடுக்க ஏலாது, வெளி அணி என்றால் 6, ஆகவே வருடக் கட்டம் இனி இன்னும் சுவாரசியமாகப் போகும்.

2025 ஜூன் கடைசியில் டவாரெஸ் மறுபடி கையெழுத்துப் போட்டார். 4 வருடம், வருடம் 4.38 மில்லியன். 11இலிருந்து 4.38. அந்தக் கட்டத்தை மருமகனும் நானும் சமையலறையில் நின்று பார்த்தோம். "மாமா, உண்மையிலேயே நல்ல டீல்" என்றான். ஏழு வருடமாக அவன் அந்தப் பெயரோடு 'டீல்' என்ற சொல்லைச் சேர்த்துத் திட்டியதைத்தான் கேட்டிருக்கிறேன். அந்தப் போர்வைப் படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய போனில் இருக்கும் என்று தேடப் போனான்.